அரிசிப் பையில் ஏறி வந்த கறிவேப்பிலை

அன்றைக்கு அம்மா என்னை மறந்துபோய்க் கூப்பிட்டாரா, நினைத்துத்தான் கூப்பிட்டாரா?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. அம்மாவிடமே இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் வேறு வேறு பதில் வந்தது. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லவேண்டும். இதை வாசிக்கும் உங்களில் பலர் என் வயதுக்காரர்கள். இந்த நாட்டிலேயே பள்ளிக்கூடம் போனவர்கள். இப்போது ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அதன் ஈரக் கையுறையுமாக நிற்பவர்கள். ஒஸ்லோவில் இருந்துகொண்டு பனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது. நான் பிறந்தது இந்த ஊரில்தான், ஆனால் நாலாம் வகுப்பு வரைக்கும் பனி எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துச் சாமானாகவே இருந்தது.

சின்ன வயதில் எனக்கு முட்டு இருந்தது. ஆஸ்துமா என்று எழுதினால் மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் முட்டுத்தான். நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி அகப்பட்டுக் கத்துவதுபோலச் சத்தம் வரும். அம்மா என் சட்டையை உயர்த்தி முதுகில் காதை வைத்துக் கேட்பார். காது குளிர்ந்திருக்கும், தோடு குத்தும். "மூச்சை இழு. விடு. இன்னொருக்கா இழு." பிறகு எழுந்துபோய்த் தைலப் போத்தலை எடுத்து வருவார். அந்தத் தைலத்தின் மணமும் ஹீட்டரில் காயும் கம்பளிக் காலுறையின் மணமும் சேர்ந்ததுதான் எனக்குப் பனிக்காலம்.

குளிருக்குள் போகலாம், போகுமுன் மருந்தை உள்ளே இழுத்துவிட்டுப் போகட்டும், மற்றப் பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அப்பா அதை வீட்டுக்கு வந்து சரியாகத்தான் சொன்னார். அம்மா மருந்தை நம்பினார். வெளியே போகலாம் என்பதை நம்பவில்லை. "அவர் இஞ்சை பிறந்த பிள்ளையளுக்குச் சொல்லுறார்" என்றார். நானும் இங்கேதான் பிறந்தேன் என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்கூடத்தான்.

இங்கே பள்ளிக்கூடங்களில் இடைவேளைக்கு எல்லாப் பிள்ளைகளும் வெளியே போகவேண்டும், மழையென்றாலும் பனியென்றாலும். உங்களுக்குத் தெரியும். என் அம்மா மட்டும் ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்க முன்னர் பள்ளிக்கு வந்து, தனக்குத் தெரிந்த கொஞ்ச நோர்வேஜிய மொழியில், நெஞ்சைத் தொட்டுக் காட்டி, எனக்கு உள்ளே இருக்க அனுமதி வாங்கிவிட்டுப் போவார். ஆசிரியை நல்லவர். ஜன்னலோரம் உட்கார ஒரு கதிரையும் படப் புத்தகங்களும் தந்தார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். குளிரிலிருந்து என்னைக் காப்பாற்றுவதாக அம்மா நினைத்தார். சிநேகிதிகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

வருடக் கணக்காக ஒரு ஜன்னலைப் பார்த்தால் கொஞ்சமாவது படிக்கத்தான் செய்வோம். சறுக்க முதல் பாதையை மிதித்து இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் பலகை புதைந்து நின்றுவிடும். பலகை இல்லாதவர்கள் பிளாஸ்டிக் பையில் இருந்து சறுக்கலாம், அதுதான் கூட வேகம். படிக்கட்டுகளின் மேல் பனியைக் குவித்து, பனி அள்ளும் சவளின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கினால் படிகள் மறைந்து சரிவு வந்துவிடும். மேல்வகுப்புப் பெடியன்கள் பள்ளியின் பின்பக்கப் படிகளில் அப்படிச் செய்து, காவலாளி வந்து கத்தும்வரை ஏறி ஏறிச் சறுக்குவார்கள். நான் ஒரு பிழையும் விடாமல் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தேன், என்றைக்காவது யாராவது என்னிடம் பரீட்சை வைக்கப்போவதுபோல.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளுக்கு முட்டு இல்லை. தக்காளிப் பழம் மாதிரிக் கன்னத்தோடு வீட்டுக்கு வந்து, பனிக்கட்டி ஒட்டிய கையுறையை என் பிடரியில் வைப்பாள். "இந்தா ஷோக்கேஸ், உனக்கும் கொஞ்சம் கொண்டந்தனான்."

ஷோக்கேஸ் என்பது அவள் எனக்கு வைத்த பட்டம். எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலுமாரி ஒன்று இருந்தது. அதற்குள் ஒருவரும் தேநீர் குடித்திராத கோப்பைகள் இருந்தன.

கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு ஆளும் இருந்தார். கறிவேப்பிலை மரம். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் குறுக்கே வெட்டி, அதற்குள் மண் நிரப்பி, அம்மா விதையிலிருந்து வளர்த்தது. முதல் இரண்டு கன்றுகள் செத்து மூன்றாவது பிழைத்ததாம். குளிர்காலம் முழுக்கத் தோட்டத்துப் பக்கக் கண்ணாடிக் கதவுக்கு அருகே, தனக்கென ஒரு விளக்கின் கீழே அது நிற்கும். சோபாவே அதற்காக இடம் மாறும். விருந்தாளிகள் இலை காதில் உரச உரசத் தேநீர் குடிப்பார்கள். கடைகளில் கறிவேப்பிலை வாடிச் சுருண்டுதான் கிடைத்த காலம் அது. போகும்போது எல்லோரும் ஒரு கொப்புக் கேட்பார்கள். அம்மா கொப்புத் தரமாட்டார். கறிக்கு ஏற்றபடி இலையாகக் கிள்ளித்தான் தருவார். அம்மா யாரிடமும் கை நீட்டாமல் மற்றவர்களுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் இந்த நாட்டில் அந்த மரத்தில்தான் இருந்தது. அதனால் கொடுப்பதிலும் ஒரு பெருமை, கொடுக்காமல் விடுவதிலும் ஒரு பெருமை.

அந்த மரத்தை வெளியே கொண்டுபோகும் நாள் எங்கள் வீட்டில் சித்திரைப் பிறப்பு. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து, அப்பாவும் அதே குடியிருப்பில் இருந்த சித்தப்பாவும் பீப்பாயை இரண்டு பக்கமும் பிடித்து, "மெல்ல மெல்ல" என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு, தோட்டத்தின் கீழ்மூலையில் வெயில் படும் இடத்தில் இறக்கி வைப்பார்கள். அன்றைக்கே காருக்குக் கோடைகால ரயர் போடுவார் அப்பா. அன்றைக்கே எங்கள் குளிர் உடுப்புகள், பனிச் சப்பாத்துகள், சவள், கயிறு எல்லாம் கீழ்த்தளத்து அறைக்குப் போய்ப் பூட்டப்படும். அந்தப் பூட்டின் திறப்பு அப்பாவின் கார்த் திறப்போடு ஒரே வளையத்தில் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு அப்பால் இருந்த நோர்வேஜியப் பெண்மணி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தன் தோட்டத்தில் எப்போதும் முழங்காலில் இருப்பவர். அந்த வருடமும் தலையை நிமிர்த்தி அப்பாவிடம் சொன்னார், மே பதினேழுக்கு முன் இப்படியான செடிகளை வெளியே வைக்கவேண்டாம் என்று. அப்பா சிரித்து, தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பித் தமிழில் சொன்னார்: "அவைக்குச் சித்திரை தெரியாது. உலகத்துக்கு ஒரு சூரியன்தானே. அங்கை சுட்டால் இஞ்சையும் சுடும்."

இந்தப் பிழை எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்தது என்று நெடுநாள் வெட்கப்பட்டிருந்தேன். பிறகு விசாரித்துப் பார்த்தால், நாங்கள் இருந்த ஹொல்ம்லியாவில் எத்தனையோ தமிழ் வீடுகளில் மிளகாய்க் கன்றுகள் சித்திரைப் பிறப்பன்று நல்ல நேரத்தில் வெளியே போய், வைகாசி வருமுன்னரே செத்திருக்கின்றன.

அந்தச் சித்திரை அப்பா சொன்னபடிதான் சுட்டது. அப்பா சாரத்தை மட்டும் கட்டிக்கொண்டு தோட்டத்தில் உலாவினார். மரத்தில் புதுத் துளிர்கூட வந்தது. ஏப்ரல் முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை, அப்பா அக்காவைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். வழக்கமாக நானும் போவேன். எனக்கு இருமல் என்பதால் அன்றைக்கு வீட்டில். காலையில் மழை பெய்தது. நான் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளியே போய்விட்டது, நான் உள்ளே. கொஞ்சம் பொறாமைதான்.

அப்போது மழை மெதுவாக விழத் தொடங்கியது. மழை மெதுவாக விழாது அல்லவா. அதனால்தான் உற்றுப் பார்த்தேன்.

"அம்மா! ஸ்னோ!"

"விசர்க் கதை கதையாதை" என்றது குசினி. "சித்திரையிலை என்ன ஸ்னோ."

"வந்து பாருங்கோவன்!"

அம்மா அகப்பையோடு வந்தார். கோழி இறகு மாதிரிப் பெரிய பெரிய துண்டுகளாக விழுந்துகொண்டிருந்தது. பச்சைப் புல்லின் மேல் வெள்ளை. அப்போதுதான் பூத்திருந்த மஞ்சள் பூக்களின் தலையில் வெள்ளை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலி மறைந்தது. எங்கோ கேட்டுக்கொண்டிருந்த ரயில் சத்தமும் மறைந்தது. அகப்பையிலிருந்து குழம்பு ஒரு சொட்டு நிலத்தில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"ஐயோ" என்றார் அம்மா. "மரம்."

உடனே ரெலிபோன் அடித்தது. அப்பா. அம்மா காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"இஞ்சை ரோட்டிலை கார் எல்லாம் சறுக்குது. நான் ரயரையும் மாத்திப்போட்டன். காரை இஞ்சையே விட்டிட்டு ரெயினிலை வாறம். பிந்தும்."

"மரத்துக்கு என்ன செய்யிறது?"

"தம்பியைக் கூப்பிடும்."

"அவர் வேலையிலை நிக்கிறார்."

பிறகு அப்பா சொன்னார்: "ஒரு பழஞ்சீலையாலை மூடி விடுமன்."

"நீங்கள் ஒருக்காப் பழஞ்சீலையைச் சுத்திக்கொண்டு வெளியிலை நிண்டு பாருங்கோ, குளிருதோ இல்லையோ எண்டு" என்று சொல்லி அம்மா போனை வைத்தார். அப்பாவிடம் அம்மா அப்படிக் கதைத்து நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான்.

அம்மா கார்டிகனைப் போட்டு, அப்பாவின் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வெளியே ஓடினார். வழக்கம்போலக் கதவு எனக்கு முன்னால் மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா கொப்புகளைப் பிடித்து உதறினார். உதற உதற விழுந்தது. ஈரப் பனி, பாரமான பனி. பக்கக் கொப்பு ஒன்று முறிந்தது. அந்தச் சத்தம் கண்ணாடிக்குள்ளாலும் வந்தது, விரல் நெட்டி முறிந்ததுபோல. அம்மா பீப்பாயைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அசையவில்லை. சுற்றிப் போய் மற்றப் பக்கத்திலிருந்து தள்ளினார். செருப்புத்தான் வழுக்கியது. முழங்காலில் விழுந்து எழும்பினார். தலைமயிரெல்லாம் வெள்ளை.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதுதான் என் கேள்வியே. ஒரு கணம் என்றால் மறந்துபோய்க் கூப்பிட்டார். இரண்டு கணம் என்றால் யோசித்திருக்கிறார். நான் எத்தனையோ தடவை கண்ணை மூடி அந்தப் பார்வையை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதன் நீளம் மாறுகிறது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று கத்தினார் அம்மா. "வா! ஓடி வா! வந்து பிடி!"

அவர் மனம் மாறுவதற்குள் போய்விடவேண்டும். குளிர் உடுப்பெல்லாம் பூட்டிய அறைக்குள். மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டேன். காதையும் கழுத்தையும் மூடும் அப்பாவின் மங்கிக் குல்லாவை மூக்குவரை இழுத்தேன். காலுக்கு இரண்டு சோடி காலுறை, அதன்மேல் கடைப் பை, அதன்மேல் றப்பர் சப்பாத்து. கையுறை இல்லை. குசினியில் அம்மா பாத்திரம் கழுவும் றப்பர் உறை இருந்தது, முழங்கைவரை வந்தது. மருந்தை இழுத்தேனா? இழுத்தேன் என்று எழுதத்தான் ஒரு தாயாக எனக்குக் கை போகிறது. உண்மையில் எனக்கு நினைவில்லை.

வெளியே காலை வைத்தேன். பனி என்னை முழங்கால்வரை வாங்கிக்கொண்டது. இல்லை, முழங்கால்வரை இருந்திருக்காது, அது சித்திரை. ஆனால் என் நினைவில் முழங்கால்தான். மிதித்தால் உளுந்தைக் கடிப்பதுபோல ஒரு நறநறப்புக் கேட்கும் என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். ஈரப் பனியில் அப்படிச் சத்தம் இல்லை. ஒரு மெத்தென்ற மூச்சுத்தான். முறிந்த கொப்பிலிருந்து கறிவேப்பிலை மணம் வந்தது. அந்தக் குளிருக்குள் அது எரிகிற மணம்போல இருந்தது.

"அந்தப் பக்கம் பிடி. தூக்குவம்" என்றார் அம்மா.

தூக்கினோம். பீப்பாய் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அம்மா, இது தூக்க ஏலாது. இழுக்கோணும்."

"இழுத்துப் பாத்தனான் பிள்ளை. அசையுதில்லை."

"கீழை வழுக்கிறமாதிரி ஏதாவது போட்டுத்தான் இழுக்கோணும். அரிசிப் பை!"

அம்மா மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார். "இது ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பள்ளிக்கூட ஜன்னலாலை பாத்தனான்."

அம்மா உள்ளே ஓடினார். எங்கள் வீட்டில் அரிசிப் பை எறிவதில்லை, உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். கழுவிக் காயவைத்து மடித்து, குசினிச் சிங்கின் கீழே அடுக்கி இருக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக் நூலில் நெய்த பெரிய பைகள். இரண்டு எடுத்து வந்தார். கயிறும் பூட்டிய அறைக்குள் இருந்ததால் தன் ஊதா நிற நைலோன் சேலையையும் எடுத்து வந்தார். அப்பா சொன்ன பழஞ்சீலை கடைசியில் உதவத்தான் செய்தது, அவர் சொன்ன வேலைக்கு அல்ல.

அம்மா பீப்பாயை ஒரு பக்கம் சரித்துப் பிடித்தார். நான் வயிற்றில் படுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பைகளை அடியில் திணித்தேன். மற்றப் பக்கம் சரித்தார். நான் சுற்றிப் போய் இழுத்து எடுத்தேன். பையின் வாய்களை மேலே மடித்து, சேலையால் பீப்பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினோம். அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் போட்டு உடனே இழுக்கப் பார்த்தார்.

"இல்லை அம்மா, பொறுங்கோ! முதல் பாதை மிதிக்கோணும்!"

"என்ன பாதை?"

"இப்பிடி." பீப்பாயிலிருந்து வீட்டுக் கதவுவரை நான் மிதித்துக்கொண்டு போனேன். அம்மா என் பின்னால் மிதித்து வந்தார். நான் சொல்ல அம்மா செய்தார். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பிறகு அவர் இழுத்தார், நான் தள்ளினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னச் சத்தம், பை பனியிலிருந்து கழன்ற சத்தம். மரம் நகர்ந்தது. கொப்புகளை ஆட்டிக்கொண்டு, தேர் மாதிரி, புல்வெளி மேட்டில் ஏறத் தொடங்கியது. "வருது! வருது!" என்று அம்மா கத்தினார். "விடாதை, தள்ளு!" என் வாய்க்குள் பனி விழுந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்ததால் வாய் மூடவேயில்லை.

தோட்டத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு படிகள். அங்கே தேர் நின்றுவிட்டது. அம்மா படியைப் பார்த்து, மரத்தைப் பார்த்து, உட்கார்ந்தேவிட்டார். "இதுக்கு மேலை ஏலாது பிள்ளை."

"படியை மூடுவம்" என்றேன்.

றப்பர் உறை போட்ட கையால் பனியை அள்ளிப் படிகளில் கொட்டித் தட்டத் தொடங்கினேன். அம்மா பெரிய சோற்றுச் சட்டியை எடுத்து வந்து அள்ளினார். அப்போது வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் தலை தெரிந்தது. அவர் எங்களைப் பார்த்தார். ஊதாச் சேலை கட்டிய மரத்தைப் பார்த்தார். சோற்றுச் சட்டியைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் பனிச் சவளோடு வேலியைச் சுற்றி வந்தார்.

நான் என்ன செய்கிறேன் என்பதை அவர் ஒரு பார்வையில் விளங்கிக்கொண்டார். அவர் அள்ளிக் கொட்ட, நான் சவளின் முதுகால் தட்டினேன். தட்டித் தட்டிப் படிகள் மறைந்தன. சரிவு வந்தது. "ஃபிளிங்க்!" என்றார் என்னைப் பார்த்து. கெட்டிக்காரி என்று அர்த்தம். வகுப்பறைக்குள் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறேன். வெளியே வைத்து வாங்கியது அதுதான் முதல்.

மூன்று பேருமாக இழுத்தும் தள்ளியும் ஏற்றினோம். கதவு நிலையைத் தாண்டி, பனியும் சேறுமாக, அப்பா ஆசையாக வாங்கிய சிவப்புக் கம்பளத்தின் நடுவில் கறிவேப்பிலை மரம் வந்து நின்றது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. தேதி தெரியாமல் நல்ல உடுப்புப் போட்டு வந்த விருந்தாளி மாதிரி இருந்தது.

அப்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. முகம் மாறியது. "ஐயோ! உனக்கு முட்டெல்லோ!"

மழைக்கோட்டைக் கழற்றி, சட்டையை உயர்த்தி, முதுகில் காதை வைத்தார். காது ஐஸ்கட்டி. "இழு. விடு." நான் இழுத்தேன், விட்டேன். "இன்னொருக்கா." பூனைக்குட்டி இருக்கும் என்று நானும் பயந்துதான் நின்றேன். இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த வருடமும் ஜன்னல், அதற்கடுத்த வருடமும் ஜன்னல். அம்மா காதை எடுக்கவேயில்லை. நெடுநேரம் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணி சவளில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றார் அம்மா. கோபமாகச் சொன்னதுபோல இருந்தது. இன்னொரு தடவை காதை வைத்துவிட்டுச் சொன்னார்: "நெஞ்சு அடிக்கிறதுதான் கேக்குது."

பிறகு அம்மா செய்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. என் சட்டையை இழுத்துவிட்டு, மழைக்கோட்டைத் திரும்பப் போட்டு, பொத்தானை மேல்வரை பூட்டினார். சேலையை அவிழ்த்து, பீப்பாயைச் சரித்து, அடியிலிருந்து ஒரு அரிசிப் பையை உருவி எடுத்தார். வெளியே போனார். நாங்கள் கட்டிய சரிவின் உச்சியில் பையைப் போட்டு, அதில் அமர்ந்து, கார்டிகனைக் காலுக்குள் செருகிக்கொண்டார்.

"பின்னாலை ஏறு" என்றார்.

ஏறினேன். அம்மாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு தள்ளுத் தள்ளினார். மரம் ஏறி வந்த பாதையில் நாங்கள் இறங்கிப் போனோம். அம்மா போட்ட சத்தம் ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும். நேரே போய் வேலிச் செடிக்குள் புகுந்தோம். அதிலிருந்த பனியெல்லாம் எங்கள் தலையில் கொட்டியது. அம்மா எழும்ப முடியாமல் சிரித்தார். சிரித்துச் சிரித்து, "இன்னொருக்கா" என்றார். முதுகில் காது வைத்துச் சொல்லும் அதே "இன்னொருக்கா".

எத்தனை தடவை என்று தெரியாது. பை கிழியும்வரை.

அப்பாவும் அக்காவும் ரயில் நிலையத்திலிருந்து நடந்து, காலுறை நனைந்து வந்து சேர்ந்தபோது தோட்டத்தில் ஒரு பனிமனிதர் நின்றார். அவருக்கு முறிந்த கொப்பில் செய்த மீசை. நெற்றியில் குங்குமப் பொட்டு, அது அம்மா வைத்தது. அப்பா அவரைத் தாண்டி வந்து கண்ணாடிக்குள்ளால் மரத்தைப் பார்த்தார்.

"ஆர் தூக்கினது?"

"நாங்கள் ரெண்டு பேரும்தான்" என்றார் அம்மா.

"இல்லை, ஆர் வந்தது? தம்பி வந்தவனோ?"

"நாங்கள் ரெண்டு பேரும்தான் எண்டு சொல்லுறன்."

அப்பா நம்பவில்லை. அந்தக் கிழமை முழுக்க வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணியைக்கூடக் கேட்டார். அவர், மே பதினேழுக்குப் பிறகு என்று மட்டும் சொல்லிவிட்டுக் களை பிடுங்கப் போய்விட்டாராம். அம்மா விளக்கம் சொல்ல மினக்கெடவில்லை. அப்பா புதிர் தீராமல் திரிவது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். அவளுடைய குளிர் உடுப்பு பூட்டிய அறைக்குள். திறப்பு அப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டபோதும் அம்மா சொன்னார்: "நனைஞ்சுபோய் வந்திருக்கிறாய். இனி வெளியிலை போகேலாது. இரு உள்ளை." அடுத்த நாள் விடிந்தபோது வெயில். பனிமனிதரின் பொட்டுச் சிவப்பு மட்டும் புல்லில் கிடந்தது. அக்கா கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் போய் மெதுவாகச் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான். "ஷோக்கேஸ்."

அந்த வசந்தத்தில் மரம் பல இலைகளை உதிர்த்தது. அம்மா ஒவ்வொரு காலையும் அதைச் சுரண்டிப் பார்த்தார், உள்ளே பச்சை இருக்கிறதா என்று. இருந்தது. முறிந்த இடத்துக்குக் கீழே இரண்டு துளிர் வந்தது. இன்றைக்கும் அது அம்மா வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. திரைச்சீலைக் கம்பியைத் தாண்டிவிட்டதால் வருடா வருடம் உச்சியை வெட்டுகிறார்கள். நீலப் பீப்பாய் வெடித்து மாற்றியாயிற்று. ஊதாச் சேலை பிறகு ஒருநாளும் நேராக வரவில்லை. மஞ்சள் மழைக்கோட்டு எங்கே போனதென்று தெரியாது. படம் ஒன்றும் இல்லை. கமரா அப்பாவோடு தமிழ்ப் பள்ளிக்குப் போயிருந்தது.

அடுத்த குளிர்காலம் தொடங்க முன்னர் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வருவார் என்று நான் காத்திருந்தேன். ஆசிரியையும் காத்திருந்தார். முதல் பனி விழுந்த அன்று மணி அடித்தது. எல்லோரும் எழும்பினார்கள். நானும் மருந்தை இழுத்துவிட்டு எழும்பினேன். அந்தக் கதிரை வெறுமையாக இருந்ததை வெளியே நின்று ஜன்னலால் பார்த்தேன். அதற்குப் பிறகு முட்டு வராமல் இல்லை. வந்தது, போனது. ஆனால் அது வந்தும் போயும் திரிந்தது என்னோடு வெளியேதான்.

இப்போது அம்மாவின் இரண்டு பதில்கள். முதல் தடவை நான் பல்கலைக்கழகம் போகும் வயதில் கேட்டேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "அந்த நேரம் மரந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. உன்ரை முட்டு அறவே மறந்துபோச்சு. பிறகு நினைச்சு நினைச்சு எத்தினை நாள் நித்திரை கொள்ளேல்லைத் தெரியுமே?" என்றார். இரண்டாம் தடவை என் மகன் பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. அவனை மடியில் வைத்து, போர்வையை இழுத்து மூடிவிட்டுச் சொன்னார்: "மரத்தைக் காப்பாத்த உன்னைக் கூப்பிடுவனே? உன்னைக் கூப்பிடத்தான் ஒரு சாட்டு வேணுமாயிருந்தது."

இதில் எது உண்மை? முதலாவது என்றால் என் வாழ்க்கையின் பெரிய வெற்றி ஒரு மறதியால் வந்தது. இரண்டாவது என்றால் அம்மா என்னைவிடப் பெரிய ஜன்னலில் நெடுநாள் காத்திருந்திருக்கிறார். ஒருவேளை பேரப்பிள்ளையைக் கண்ட சந்தோசத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், இந்தக் குளிர்காலம் எங்கள் பக்கத்தில் நேற்றுவரை பனியே இல்லை. கடலோரத்தில் இப்போதெல்லாம் மழையும் சேறும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். என் மகனுக்கு நாலு வயது. போன வருடத்துப் பனி அவனுக்கு நினைவில் இல்லை. இன்று ஞாயிறு. காலையிலிருந்து கொட்டுகிறது, அதே கோழி இறகு மாதிரி. அவனுக்கு இருமல். முட்டும் இருக்கிறது, என்னிடமிருந்து வாங்கியது. மருந்து மேசையில் இருக்கிறது. வைத்தியர் அன்று என் அப்பாவுக்குச் சொன்னதையேதான் எனக்கும் சொன்னார். பாலர் பள்ளியில் அவன் ஒவ்வொரு நாளும் வெளியே ஓடுகிறான், நான் பார்க்காததால் அது பரவாயில்லை. என் கண்ணெதிரே என்றால் மட்டும் கை கதவுக்குப் போகமாட்டேன் என்கிறது. "விடுமன் அவனை" என்கிறார் கணவர். முதுகில் காது வைத்து நாலு தடவை கேட்டுவிட்டேன். அவன் "இன்னொருக்கா?" என்று என்னைக் கேலி செய்கிறான்.

என்னிடம் காப்பாற்ற ஒரு மரம் இல்லை. அதுதான் பிரச்சினை. மறப்பதற்கும் ஒன்றுமில்லை, சாட்டுச் சொல்லவும் ஒன்றுமில்லை. குசினிச் சிங்கின் கீழே அரிசிப் பைகள் மட்டும் இருக்கின்றன, கழுவி மடித்து.

நீங்களும் பிள்ளை வளர்க்கிறீர்கள். எழுதுங்கள். நீங்கள் எப்படிக் கதவைத் திறக்கிறீர்கள்? பயம் போனபிறகா, பயத்தோடேயா? ஆனால் கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள். இங்கே பனி நெடுநேரம் நிற்பதில்லை. அவன் ஏற்கெனவே மருந்தை இழுத்துவிட்டு, இரண்டு சப்பாத்தையும் கால் மாறிப் போட்டுக்கொண்டு, ஒரு அரிசிப் பையோடு கதவடியில் நிற்கிறான்.